கண்ணாடி ஏன் நடுங்குகிறது?



திரிங்காப்பிலிருந்து மேலே ஏறும் சாலை கியா ஃபார்ம் வழியாகப் பிரிஞ்சாங்கிற்கும் தானா ராத்தாவிற்கும் போகிறது. மறுபக்கம் அதே சாலை கோலா தெர்லாவைக் கடந்து கம்போங் ராஜாவிற்குப் போகிறது. அங்கிருந்து ஒரு வழி ப்ளூ வேலித் தோட்டத்துப் பக்கமும், இன்னொரு வழி சிம்பாங் பூலாய்க்கும் பிரிகின்றன. காய்கறி ஏற்றிய லோரிகளும், சுற்றுலாப் பயணிகளின் கார்களும், தோட்டத்து நான்கு சக்கர வண்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு போகும் சாலை இது. இவற்றுக்கு நடுவில்தான் நம்மவர்களின் மோட்டார் சைக்கிள்களும் போகின்றன. ஆலைக்கு வேலைக்குப் போகிறவர், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர், மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மருந்தகத்திற்குப் போகிறவர் என்று எல்லாருக்கும் துணை அந்தச் சிறிய வண்டிதான்.

அப்படிப் போகும்போது பின்னால் வருவதைக் காட்ட வேண்டியது ஹேண்டிலில் நிற்கும் கண்ணாடி. ஆனால் பல வண்டிகளில், வேகம் சற்று கூடியதும் கண்ணாடி நடுங்கத் தொடங்கிவிடுகிறது. பின்னால் வரும் லோரி வெறும் நிழலாகிறது. மாலை வேளையில் அதன் விளக்கு ஒரு வெள்ளைக் கோடாக நீள்கிறது. வருவது ஒரு விளக்கா, இரண்டு விளக்கா, அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்று சொல்ல முடிவதில்லை. "கண்ணாடி என்றால் ஆடத்தான் செய்யும்" என்று நாமும் பழகிவிடுகிறோம். சிலர் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் கண்ணாடியையே கழற்றிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே இது அழகு பற்றிய பேச்சன்று. உயிர் பற்றிய பேச்சு. கண்ணாடி ஏன் நடுங்குகிறது, அந்த நடுக்கம் நமக்கு என்ன சொல்கிறது, அதிகச் செலவில்லாமல் அதை எப்படிக் குறைப்பது என்பவற்றை இன்று பார்ப்போம்.

சிறிய அசைவு, பெரிய மங்கல்

கண்ணாடியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தால் அசைவு மிகச் சிறிதாகவே தெரியும். இவ்வளவு சிறிய அசைவு, பின்னால் வரும் ஒரு லோரியையே எப்படி மறைக்கிறது?

ஒளியின் இயல்புதான் காரணம். கண்ணாடி எவ்வளவு திரும்புகிறதோ, அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர் அதைப் போல் இரண்டு பங்கு திரும்பும். கண்ணாடி அரை டிகிரி திரும்பினால் கதிர் ஒரு டிகிரி திரும்புகிறது. ஒரு டிகிரி என்பது 30 மீட்டர் தொலைவில் அரை மீட்டருக்கும் மேற்பட்ட இடம். அதாவது பின்னால் 30 மீட்டரில் வரும் ஒரு மோட்டார் சைக்கிளின் உருவம், கண்ணாடிக்குள் அரை மீட்டர் இங்கும் அங்குமாக அலைகிறது. இந்த அலைச்சல் விநாடிக்குப் பல பத்து முறை நடந்தால் நம் கண்ணால் அதைத் தொடர முடியாது. எல்லா உருவங்களும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து மங்கலாகிவிடும். எனவே கண்ணாடியில் அழுக்கில்லை. நம் கண்ணிலும் குறையில்லை. அசைவுதான் குறை.

நூறு கிலோ எடையில் ஓர் உதைப்பு

இந்த அசைவு எங்கிருந்து வருகிறது? முதல் காரணம் எஞ்சின்.

'கப்சாய்' என்று நம் நாட்டில் எல்லாரும் அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான். அதற்குள் ஒரே ஒரு பிஸ்டன். நாம் நன்கு அறிந்த ஹோண்டா இ.எக்ஸ்.5 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய வகையின் எஞ்சின் 97 சி.சி. பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தூரம் 49.5 மில்லிமீட்டர், அதாவது நம் கட்டைவிரல் நீளத்திற்கும் குறைவு. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், பிஸ்டன் விநாடிக்கு 100 முறை போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு முனையிலும் அது ஒரு கணம் நின்று, திசை மாறி, மறுபடியும் பாய வேண்டும்.

இப்படி நிறுத்தித் திருப்புவதற்கு எவ்வளவு விசை வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அந்த வேகத்தில் பிஸ்டனின் ஒவ்வொரு கிராமும், திரும்பும் முனையில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை போல் இழுக்கிறது. பிஸ்டனும் அதன் வளையங்களும் பின்னும் சேர்ந்து 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோ எடையுள்ள உதைப்பு விநாடிக்கு நூறு முறை முன்னும், நூறு முறை பின்னும் விழுகிறது. இந்த வகை வண்டிகளில் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால், உதைப்பு பெரும்பாலும் முன்னும் பின்னுமாகவே வருகிறது.

இதைத் தணிப்பதற்காகவே எஞ்சினுக்குள் சுழலும் கிராங்கில், பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம் ஓர் எடையை வைக்கிறார்கள். பிஸ்டன் ஒரு பக்கம் இழுக்கும்போது அந்த எடை மறுபக்கம் இழுக்கும். ஆனால் ஓர் இடர் உண்டு. பிஸ்டன் நேர்கோட்டில் போய் வருகிறது. எதிர் எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. முன்பின் உதைப்பை முழுவதும் அடக்கும் அளவுக்கு எதிர் எடையைக் கூட்டினால், அதே எடை மேலும் கீழும் உதைக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஏறக்குறைய பாதி உதைப்பை மட்டும் அடக்கி, மீதியை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் கொஞ்சம் நடுக்கம் இருந்தே தீரும் என்பது இதனால்தான். அது வண்டியின் பிழையன்று.

ஊஞ்சலும் அளவுகோலும்

அப்படியானால் கண்ணாடி எல்லா வேகத்திலும் ஒரே அளவாக நடுங்க வேண்டுமே? அப்படி நடப்பதில்லை. நாற்பதில் தெளிவாக இருக்கும் கண்ணாடி, ஐம்பதில் மங்கிப் போகிறது. அறுபதில் மறுபடியும் ஓரளவு தெளிகிறது. இதுதான் பலருக்கும் புதிராக இருக்கிறது.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஊஞ்சலுக்கு என்று ஓர் ஆட்டம் உண்டு. குழந்தை பின்னால் வந்து திரும்பும் நேரம் பார்த்து, ஒரு விரலால் தள்ளினாலும் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். நேரம் தவறித் தள்ளினால், பலமாகத் தள்ளினாலும் பயனில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இப்படிச் சொந்தமாக ஓர் அதிர்வு உண்டு. வெளியிலிருந்து வரும் உதைப்பு அந்தச் சொந்த அதிர்வோடு ஒத்துப்போனால், சிறிய உதைப்பும் பெரிய ஆட்டமாகிவிடும். இதை ஒத்ததிர்வு என்பார்கள்.

கண்ணாடியும் அப்படித்தான். மெல்லிய தண்டின் முனையில் ஒரு பாரம் நிற்கிறது. அதற்கும் சொந்த அதிர்வு உண்டு. எஞ்சினின் உதைப்பு எந்தச் சுற்றில் அதோடு ஒத்துப்போகிறதோ, அந்தச் சுற்றில் மட்டும் கண்ணாடி கூத்தாடும்.

இதை வீட்டில் பிள்ளைகளோடு சோதித்துப் பார்க்கலாம். பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றை மேசை விளிம்பில் வைத்து, ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அழுத்திப் பிடியுங்கள். நீட்டிய முனையைச் சுண்டிவிடுங்கள். நீளமாக நீட்டியிருந்தால் மெதுவாக ஆடும். பாதி நீளமாகக் குறைத்துச் சுண்டினால் நான்கு மடங்கு வேகமாக அதிரும். 'டர்ர்' என்ற ஒலியும் உயரும். அடுத்து, முனையில் ஒரு நாணயத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிச் சுண்டுங்கள். ஆட்டம் மறுபடியும் மெதுவாகும்.

இந்தச் சின்னச் சோதனைக்குள் நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் இருக்கிறது. தண்டைக் குட்டையாக்கினாலோ தடிப்பாக்கினாலோ சொந்த அதிர்வு வேகமாகும். முனையில் எடையைக் கூட்டினால் அது மெதுவாகும். கண்ணாடியின் நடுக்கத்தை அடியோடு அழிப்பது நம்மால் ஆகாது. ஆனால் நாம் ஓட்டும் வேகத்திலிருந்து, நாம் ஓட்டாத வேகத்திற்கு அதை விரட்டிவிடலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த வைத்தியம் பலிக்கும், எது பலிக்காது என்பது தெளிவாகும்.

நடுக்கம் சொல்லும் செய்தி

வைத்தியத்திற்கு முன் நோய் எது என்று அறிய வேண்டும். கண்ணாடி மூன்று விதமாக நடுங்கும்.

முதல் வகை, மங்கல். உருவம் அப்படியே இருக்கும். ஆனால் ஓரங்கள் கரைந்து போகும். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சத்தத்திற்கு வரும்போதுதான் இது தோன்றும். மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் மாறி மாறி ஓட்டிப் பாருங்கள். வண்டியின் வேகம் வேறாக இருந்தும், எஞ்சின் சத்தம் ஒன்றாக இருக்கும்போதெல்லாம் மங்கல் வந்தால், அது எஞ்சினால் வரும் ஒத்ததிர்வு.

இரண்டாம் வகை, ஆட்டம். உருவம் மங்காமல், தெளிவாகவே மேலும் கீழும் ஆடுவதைக் கண்ணால் பார்க்க முடியும். கியரை மாற்றினாலும், வண்டி அதே வேகத்தில் போகும்போது ஆட்டம் அப்படியே இருந்தால், குறை எஞ்சினில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது. கப்சாய் வண்டியின் சக்கரம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 8 முறைதான் சுற்றுகிறது. அந்த ஆட்டத்தைக் கண் தொடர முடியும். ஆகவே ஆட்டம் தெரிந்தால் டயரைப் பாருங்கள்; மங்கல் தெரிந்தால் எஞ்சினைப் பாருங்கள்.

மூன்றாம் வகை, குலுக்கல். எல்லா வேகத்திலும், வண்டி நின்றுகொண்டு எஞ்சின் ஓடும்போதும் கண்ணாடி கிடுகிடுக்கும். கூடவே தட்டும் ஒலியும் கேட்கும். இது எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருப்பதற்கு அடையாளம். நேற்று வரை நன்றாக இருந்த கண்ணாடி இன்று திடீரென்று குலுங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போது கண்ணாடி நமக்குத் தொல்லை தரவில்லை. காவல்காரனைப் போல் எச்சரிக்கை தருகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனையைச் சமமான, வண்டிகள் குறைந்த சாலையில் செய்யுங்கள். எஞ்சின் சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பதற்காக மலை இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இறங்கவே கூடாது. எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இந்த மலையில் இறங்குவது, நடுங்கும் கண்ணாடியைவிடப் பெரிய ஆபத்து.

முதல் வைத்தியம்: இறுக்குவது

ஓய்வு நாளில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வருவோம்.

கண்ணாடித் தண்டின் அடியில் ஒரு நட்டு இருக்கும். தண்டை வேண்டிய திசைக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அந்த நட்டை நன்றாக இறுக்க வேண்டும். பலர் தண்டை மட்டும் திருகிவிட்டு நட்டை மறந்துவிடுகிறார்கள். ஜப்பானிய வண்டிகளில் இந்தத் திருகு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். சில சிறிய பழைய வண்டிகளில் 8 மில்லிமீட்டர். அளவு மாறிய கண்ணாடியை வாங்கி, இடைவெளிக்குள் துணியோ தகரமோ செருகி இறுக்கினால் அது ஒருநாளும் நிற்காது.

யமஹா வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் வலப்பக்கக் கண்ணாடியின் திருகு இடப்புரி. மற்ற நட்டுகளை இறுக்கும் திசையில் திருப்பினால் அது கழலும். வலக் கண்ணாடியில் முன்னாலிருந்து ஏதாவது மோதினால், தண்டு உடையாமல் தானாகத் தளர்ந்து சுழல வேண்டும் என்பதே அதன் நோக்கம். தெரியாமல் பலங்கொண்டு திருகினால் ஹேண்டிலில் உள்ள புரி கெட்டுவிடும்.

அடுத்து, கண்ணாடியின் முதுகில் தண்டு சேரும் உருண்டை மூட்டு. காலப்போக்கில் இது தேய்ந்து, கண்ணாடி தானாகவே தொங்கிப் போகும். பின்புறம் திருகாணி இருந்தால் இறுக்கலாம். திருகாணி இல்லாத வகையில் மூட்டு தேய்ந்திருந்தால், கண்ணாடியை மாற்றுவதுதான் வழி.

பிறகு ஹேண்டில். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதபடி ஒருவர் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கட்டும். முன் போர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால், ஹேண்டில் கழுத்தில் உள்ள பேரிங் தளர்ந்திருக்கிறது. இதைப் பட்டறையில் சரிசெய்துகொள்வதே நல்லது. இது கண்ணாடிக்கு மட்டுமன்று, வளைவுகளில் வண்டியின் பிடிப்புக்கும் உரிய விஷயம்.

பிறகு எஞ்சின். எஞ்சினை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்தாலும், பிஸ்டனின் உதைப்பு இரண்டு பங்காகத் தெரியும். மழையும் பனியும் செம்மண் சேறும் நிறைந்த நம் மலையில் இந்த போல்ட்டுகள் துருப்பிடித்துத் தளர்வது உண்டு. புகைக்குழாயைப் பிடித்திருக்கும் நட்டுகளையும் பாருங்கள்.

வண்டி நிற்கும்போது மட்டும் கண்ணாடி குலுங்கினால், எஞ்சின் மிகக் குறைந்த சுற்றில் திக்கிக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த வகைச் சிறிய எஞ்சின்கள் நிற்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,400 சுற்றில் ஓட வேண்டும். பிளக்கில் கரி படிந்திருந்தாலும், காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், எஞ்சின் ஒரு முறை வெடித்து ஒரு முறை தவறும். அந்தத் தவறல் முழுவதும் ஹேண்டிலுக்கு வந்து சேரும்.

கடைசியாகச் சங்கிலியும் சக்கரமும். சங்கிலி மிகத் தளர்ந்தாலும், மிக இறுகினாலும், ஓரிடத்தில் மட்டும் இறுகித் துருவேறியிருந்தாலும் உதறல் வரும். பொதுவாக 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் அசைய இடம் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. டயரில் காற்று சரியாக இருக்கிறதா, எங்காவது புடைத்திருக்கிறதா, சக்கரக் கம்பிகளில் ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால், தளர்ந்த கம்பி மட்டும் மந்தமாக ஒலிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு பல வண்டிகளில் கண்ணாடி தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். செலவு பெரும்பாலும் நம் உழைப்பும் சில வெள்ளியும்தான். இதைச் செய்யாமல் அடுத்த வைத்தியத்திற்குப் போவது, ஓட்டைப் பானைக்கு வெளியே சாயம் பூசுவது போலாகும்.

இரண்டாம் வைத்தியம்: எடை

எல்லாம் இறுக்கமாக இருந்தும், நாம் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் மங்கல் வந்தால், அது ஒத்ததிர்வுதான். அளவுகோல் சோதனையை இங்கே நினைவுபடுத்திக்கொள்வோம்.

டயர் கடைகளில் கார் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் சிறு எடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 5 கிராம் அல்லது 10 கிராம் இருக்கும். அவற்றில் சிலவற்றைக் கண்ணாடி ஓட்டின் பின்புறம், நடுவில், முதலில் ஒட்டுநாடாவால் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். 20 கிராமில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மங்கல் வேறொரு வேகத்திற்கு நகர்வதைக் காண்பீர்கள். நீங்கள் அதிகம் ஓட்டும் வேகத்தில் கண்ணாடி தெளிந்ததும், எடையை நிலையாக ஒட்டிவிடலாம். ஈய எடையானால் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மலைச்சாலையில் நாற்பது, ஐம்பது வேகத்தில் ஓட்டுகிறவரும், கீழே நெடுஞ்சாலையில் தொண்ணூறில் ஓட்டுகிறவரும் ஒரே எடையை ஒட்டினால் இருவருக்கும் பலன் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த எடை நமக்குப் பலிக்காமல் போவது இதனால்தான்.

ஹேண்டிலின் இரு முனைகளிலும் எடை பொருத்துவது இன்னொரு வழி. பல வண்டிகளில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. கனமான பொருள் எளிதில் அசையாது. ஆகவே ஹேண்டில் முழுவதும் அமைதியாகும். கண்ணாடிக்கும் நன்மை, கைக்கும் நன்மை. ஆனால் எடை முனையில் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். ஆக்சிலேட்டர் பிடியை அது உரசக் கூடாது. பிடி திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் வைத்தியம்: ரப்பர்

ரப்பர் அதிர்வை விழுங்கும். தண்டின் அடியில், நட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையே ஒரு கெட்டியான ரப்பர் வாஷரை வைத்தால், மெல்லிய மங்கல் குறையும். ஆனால் மென்மையான ரப்பரையோ, சைக்கிள் டியூபை நான்கைந்து மடிப்பாக மடித்தோ வைத்தால், மங்கல் போய் ஆட்டம் வந்துவிடும். நட்டும் இறுகி நிற்காது. ஒரே ஒரு மெல்லிய வாஷர் போதும். அதற்கு மேலே ஓர் உலோக வாஷர் இருக்கட்டும்.

கண்ணாடி, ஓட்டுக்குள் தளர்ந்து கடகடவென்று தட்டினால், அதன் விளிம்பைச் சுற்றிச் சிலிக்கான் பசையை மெல்லிதாக இட்டு ஒரு நாள் காயவிடுங்கள். ரப்பர் பாகங்கள் எண்ணெயாலும் வெயிலாலும் வயதாலும் கெட்டிப்பட்டு வெடிக்கும். வெடித்த ரப்பர் அதிர்வை விழுங்காது. அதை மாற்றுவதே வழி.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பாடம்

நாம் வீட்டில் செய்யும் இந்த மூன்று வைத்தியங்களையும்தான் பெரிய தொழிற்சாலைகளும் பெரிய அளவில் செய்திருக்கின்றன. தமிழர்கள் நன்கு அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம்.

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ராயல் என்பீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள் உருவானது. 1955-இல் சென்னையில் அதன் உற்பத்தி தொடங்கியது. பழைய புல்லட்டின் எஞ்சின் 346 சி.சி.; பிஸ்டன் போய்வரும் தூரம் 90 மில்லிமீட்டர். நம் கப்சாய் வண்டியைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு நீளம். பிஸ்டனும் பெரிது, கனமானது. அதன் சத்தத்தை விரும்பியவர்கள் ஏராளம். அதன் கண்ணாடியில் பின்னால் வருவது யார் என்று தெரியாமல் தவித்தவர்களும் ஏராளம்.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2020-இல் அதே நிறுவனம் வெளியிட்ட மீட்டியோர் 350 வண்டியின் புதிய எஞ்சினில், சமநிலைத் தண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். இது எடை ஏற்றிய ஒரு தண்டு. கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழன்று, பிஸ்டனின் மீதி உதைப்பை அடக்கிவிடும். 2023-இல் புல்லட்டுக்கும் அந்த வகை எஞ்சின் வந்தது. இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனமோ 1967-இல் வேறு வழியில் போயிற்று. தன் கமாண்டோ வண்டியில் எஞ்சினை ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்த்தி, அதிர்வு ஓட்டுநரிடம் வராமல் தடுத்தது. ஒன்று எடையால் அடக்கிய வழி. மற்றொன்று ரப்பரால் தடுத்த வழி. நம் கண்ணாடியில் 20 கிராம் எடையும் ஒரு ரப்பர் வாஷரும் செய்வது இதே வேலையைத்தான்.

செய்யக் கூடாதவை

இளைஞர்கள் சிலர் அழகுக்காக உள்ளங்கையில் பாதி அளவுள்ள சிறு கண்ணாடிகளைப் பொருத்துகிறார்கள். அவை நடுங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் தெரிவது பெரும்பாலும் நம் தோள்பட்டைதான். நடுங்காத கண்ணாடியில் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன பயன்?

மெல்லிய நீளத் தண்டுள்ள மலிவுக் கண்ணாடிகளையும் தவிருங்கள். வாங்கும்போது தண்டு தடிப்பாகவும், மிக நீளமில்லாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் முழங்கைக்கு அப்பால் சாலை தெரியும் அளவுக்கு நீளம் வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். சோதனையில் நிறுத்தினால் சம்மன் கிடைக்கும். ஒரு நாள் சம்பளத்திற்கு மேல் போய்விடக்கூடிய அந்தப் பணத்தில் நல்ல கண்ணாடி ஒரு சோடி வாங்கிவிடலாம்.

கைகளையும் கவனியுங்கள்

கண்ணாடியை நடுங்கவைக்கும் அதிர்வு, அதே ஹேண்டிலைப் பிடித்திருக்கும் நம் கைகளிலும் இறங்குகிறது. கண்ணாடி நடுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. கை வாங்கும் அதிர்வு தெரிவதில்லை. நாள் முழுவதும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தையோ புல்வெட்டும் இயந்திரத்தையோ பிடித்து வேலை செய்கிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் கடும் அதிர்வு பட்ட கைகளில் விரல் மரத்துப் போவதும், குளிரில் விரல் நுனிகள் வெளுத்துப் போவதும் உண்டு. குளிர் இதை மேலும் கடுமையாக்கும். நம்முடையதோ குளிர்ந்த மலை. அதிகாலையில் ஓட்டும்போது கையுறை அணியுங்கள். பிடியை இறுக்கி நெரிக்காமல் பிடியுங்கள். விரல்கள் அடிக்கடி மரத்தாலோ வெளுத்தாலோ, வயதின் குறை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள் முழுவதும் எந்த இயந்திரத்தைப் பிடித்து வேலை செய்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

தெளிந்த கண்ணாடியும் பாதிதான்

கண்ணாடி தெளிந்துவிட்டது. இனி அதைச் சரியான திசையில் வைக்க வேண்டும். வழக்கமாக அமரும் நிலையில் அமர்ந்து, கண்ணாடியின் உள்ளோரத்தில் நம் தோளின் விளிம்பு சிறிது தெரியும்படியும், சாலையின் அடிவானம் நடுவில் வரும்படியும் திருப்புங்கள். பின்னால் ஆள் அமர்ந்தால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, கண்ணாடி தரையைக் காட்டும். அப்போது மறுபடியும் திருப்பிக்கொள்ளுங்கள். மூடுபனி படிந்தால் துடைக்க ஒரு சுத்தமான துணியைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

பல கண்ணாடிகள் சற்றுக் குவிந்தவை. அவை அதிக இடத்தைக் காட்டும். ஆனால் பின்னால் வருவதைச் சிறிதாக, தொலைவில் இருப்பது போலக் காட்டும். சின்னதாகத் தெரியும் லோரி, நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கும். ஆகவே வலப்பக்கம் திரும்பு முன், கண்ணாடியைப் பார்த்து, சமிக்ஞை விளக்கைப் போட்டு, ஒரு கணம் வலத்தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பியும் பாருங்கள். எந்தக் கண்ணாடிக்கும் தெரியாத ஒரு மூலை எப்போதும் உண்டு.

நேயர்களே, வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கண்ணாடி நட்டு, ஹேண்டில் கழுத்து, எஞ்சின் போல்ட்டு, சங்கிலி, டயர் ஆகிய ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நாளை அந்த வண்டியை ஓட்டப் போகிறவர்கள் அவர்கள்தான். கண்ணாடி நடுங்கினால் அதன் மேல் சலித்துக்கொள்ளாமல், அது எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஒரு நட்டின் பெயரைத்தான் சொல்லும்.